அத்தியாயம் 6: முட்டி அறுவைக்குப் பின் வெளியூர் ஆட்டம்

கால்பந்து பார்க்கிறவர்களில் பலர் வார இறுதியில் ஆடுகிறவர்களும்கூட. மண் தரையிலோ வாடகைக்கு எடுத்த டர்ஃபிலோ பந்தைத் திருப்பும் நொடியில் பாதம் ஊன்றியபடி நிற்கும், முட்டி மட்டும் திரும்பிவிடும். உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடும். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் முட்டியின் நடுவே குறுக்காக ஓடும் முன்புற ஜவ்வு, அதாவது ஏ.சி.எல்., கிழிந்திருக்கும். இனி ஓடவும் திரும்பவும் வேண்டும் என்றால் அறுவை செய்துகொள்வது நல்லது என்று மருத்துவர் சொல்வார்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ரசிகரின் மனதில் எழும் கேள்வி: “அடுத்த வெளியூர் ஆட்டத்துக்குப் போக முடியுமா?” இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விக்கான விடைதான். ஏ.சி.எல். அறுவையை முன்வைத்து எழுதியிருக்கிறேன். காலில் வேறு அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் இங்கே சொல்லும் வாரக் கணக்கும் உங்கள் மருத்துவர் சொன்ன கணக்கும் வேறுபட்டால், அவர் சொன்னதே சரி.

முதல் விதியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆட்டத்தின் தேதிக்காகக் காலை அவசரப்படுத்தாதீர்கள், கால் இருக்கும் நிலைக்கு ஏற்ற ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

வீரர்கள் காட்டிய வழி

2020 அக்டோபர் 17 அன்று எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் லிவர்பூலின் வெர்ஜில் வான் டைக் முட்டி ஜவ்வு கிழிந்து வெளியேறினார். அடுத்த கோடையில் ஐரோப்பியக் கோப்பை. நெதர்லாந்தின் தலைவர் அவர். ஒரு பெரிய போட்டியில் நாட்டுக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பு அவருக்கு அதுவரை கிடைத்திருக்கவில்லை. ஆனால் 2021 மே மாதத்தில், போகவில்லை என்று அவரே அறிவித்தார். ஜூலை இறுதியில் ஒரு பயிற்சி ஆட்டத்தில்தான் களத்துக்குத் திரும்பினார். அடுத்த பருவத்தில் லிவர்பூல் எஃப்.ஏ. கோப்பையையும் லீக் கோப்பையையும் வென்று, சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை போனது. தடுப்பின் நடுவே வான் டைக் நின்றார்.

பிரேசிலின் ரொனால்டோவின் கதை இன்னும் கடினமானது. 1999 நவம்பரில் இன்டர் மிலானுக்கு ஆடும்போது முட்டித் தசைநாண் கிழிந்து அறுவை செய்தார்கள். 2000 ஏப்ரல் 12 அன்று லாசியோவுக்கு எதிரான இத்தாலியக் கோப்பை இறுதியில் மாற்று வீரராக இறங்கினார். சில நிமிடங்களிலேயே, யாரும் தொடாமல், அதே முட்டியின் தசைநாண் மறுபடி அறுந்தது. மறுபடி அறுவை. 2000–01 பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 2002 ஜூன் 30 அன்று யோகோஹாமாவில் உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். அந்தத் தொடரில் மொத்தம் எட்டு கோல். இடையில் கழிந்த அந்த வெறும் நாட்கள்தான் எட்டு கோலையும் சாத்தியமாக்கின.

நம் ஊர்க் கால்பந்திலும் உதாரணம் உண்டு. சந்தேஷ் ஜிங்கன் 2019 அக்டோபரில் இந்திய அணியின் பயிற்சி ஆட்டம் ஒன்றில் முட்டி ஜவ்வு கிழிந்து, அந்தப் பருவத்தையே இழந்தார். திரும்பி வந்து ஆடிய 2020–21 பருவத்துக்கு அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது.

இவர்களுக்கு உலகத்தரமான மருத்துவர்களும் முழுநேரப் பிசியோக்களும் இருந்தார்கள். அப்படியும் காலத்தைக் குறைக்க முடியவில்லை. அலுவலக வேலைக்கு நடுவே மாலையில் பிசியோவிடம் போகும் நமக்கு அந்தக் காலம் இன்னும் அவசியம்.

முட்டிக்குள் நடப்பது என்ன

கிழிந்த ஜவ்வை அப்படியே தைப்பதில்லை. பின்தொடையிலிருந்தோ முட்டிச் சில்லின் கீழிருந்தோ ஒரு துண்டு நாணை எடுத்து, எலும்பில் துளையிட்டு, திருகாணியோ பொத்தான் போன்ற பிடிப்பானோ வைத்துப் பொருத்துகிறார்கள். இதைக் கிராஃப்ட் என்பார்கள். பிடுங்கி நட்ட நாற்று முதலில் வாடி, பிறகுதான் வேர் பிடிக்கும், கிராஃப்டும் அப்படித்தான். இடம் மாறியதால் ரத்த ஓட்டத்தை இழக்கிறது, மெலிகிறது, பிறகு புதிய ரத்தக்குழாய்கள் வளர்ந்து மெல்ல ஜவ்வாக மாறுகிறது.

ரசிகர் கவனிக்க வேண்டிய அபாயம் இங்கேதான். கிராஃப்ட் மிகவும் பலவீனமாக இருப்பது ஏறக்குறைய ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை. அதே வாரங்களில்தான் வலி குறைந்து, ஊன்றுகோலை விட்டு, நன்றாக நடக்கத் தொடங்கியிருப்போம். “இப்போ நல்லா ஆயிடுச்சு மச்சி, கொச்சிக்குப் போயிட்டு வந்துடலாம்” என்று நண்பர்களிடம் சொல்லத் தோன்றும் காலமும் அதுவே. வலி இல்லை என்பதை ஜவ்வு ஆறிவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மீண்டும் ஆடுவதற்கு ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். 2016இல் வெளியான நார்வே–அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் முட்டி மறுபடி காயப்படும் வாய்ப்பை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது. பார்க்கப் போவதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை. ஆனால் பார்க்கும் இடத்திலும் குதிப்பு, படிக்கட்டு, நெரிசல் எல்லாம் உண்டு. ஆகவே படிப்படியாகப் போக வேண்டும்.

எந்தக் கட்டத்தில் எந்த ஆட்டம்

*முதல் இரண்டு வாரம்: வீட்டுத் தொலைக்காட்சி மட்டும்.* வேலை மூன்றே: வீக்கத்தைக் குறைப்பது, காலை முழுதாக நீட்டுவது, முன்தொடைத் தசையை எழுப்புவது. குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து முட்டி தானாக நேராகும்படி விடுங்கள். முட்டிக்குக் கீழே தலையணை வைப்பது சுகமாக இருக்கும், ஆனால் கால் நேராகாமல் போகும், வைக்காதீர்கள். ஐஸ் வைக்கும்போது துணியில் சுற்றி, ஒரு தடவைக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம் போதும்.

*இரண்டு முதல் ஆறு வாரம்: ஆட்டம் பார்க்க நண்பர் வீடு வரை.* காரின் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போய் வரலாம். வலது முட்டியில் அறுவை என்றால் இந்தக் கட்டத்தில் வண்டி ஓட்டுவதை மருத்துவர் சொல்லும் வரை நினைக்கவே வேண்டாம். ஜவ்வோடு மெனிஸ்கஸையும் (முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்புத் திண்டு) தைத்திருந்தால் கால் ஊன்றவும் மடக்கவும் கட்டுப்பாடு இருக்கும். இந்தக் கட்டமே நீளும்.

*ஆறு முதல் பன்னிரண்டு வாரம்: உள்ளூர் மைதானம்.* பிசியோ ஒப்புக்கொண்டால் மட்டும், உட்கார்ந்து பார்க்கும் பகுதியில். சென்னை ரசிகருக்கு சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம்தான் சரியான சோதனைக் களம். ஏதாவது சரியில்லை என்றால் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

*மூன்று மாதத்துக்குப் பிறகு: வெளியூர்.* இதற்கு நான் வைத்திருக்கும் தகுதிகள் நான்கு. ஒரு மாடி ஏறி இறங்கினால் மறுநாள் முட்டி வீங்கக்கூடாது. கால் முழுதாக நீள வேண்டும். அரைமணி நேரம் நொண்டாமல் நடக்க வேண்டும். உள்ளூர் ஆட்டம் ஒன்றையாவது சிரமமில்லாமல் பார்த்து முடித்திருக்க வேண்டும். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட மூத்த ரசிகர்களுக்குக் கணக்கு வேறு. நீண்ட விமானப் பயணத்தை மூன்று மாதம் வரை தவிர்க்கச் சொல்வது வழக்கம்.

படுக்கையில் இருக்கும் ரசிகரின் மனம்

உடம்பைப் பற்றிப் பிசியோ சொல்லித் தருவார். மனதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. என் அனுபவத்தில் மிகக் கடினமானவை அறுவைக்கு அடுத்த நாட்கள் அல்ல. அப்போது வீடு நிறைய ஆட்கள், விசாரிப்பு, சாத்துக்குடி. அதெல்லாம் ஓய்ந்து, எல்லோரும் அவரவர் வேலைக்குப் போன பிறகு, நண்பர்கள் நீலச் சட்டையோடு ரயில் பெட்டி வாசலில் நின்று எடுத்த படம் போனில் வந்து விழும் மாலை இருக்கிறதே, அதுதான் கடினம். அன்று நம் அணி தோற்றால் அந்தத் தோல்வியைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் தோள் இல்லை. ஜெயித்தால் அது இன்னும் தாங்க முடியாதது.

இது கோழைத்தனம் அல்ல. வலி, தூக்கமின்மை, அசையாமல் கிடப்பது, மற்றவர் கையை எதிர்பார்ப்பது எல்லாம் சேர்ந்து மனதை இறக்கும். இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் தாங்குவது எளிது. எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன்.

ஆட்டத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். வெளியூருக்குப் போகாத ஒரு நண்பரையோ, வீட்டில் உள்ளவர்களையோ உட்கார வையுங்கள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே பார்த்த ஆட்டங்களை நான் இன்றும் மறக்கவில்லை.

ஐரோப்பிய ஆட்டங்களை அளவோடு பாருங்கள். சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் நம் நேரப்படி குளிர்காலத்தில் பின்னிரவு 1.30க்குத் தொடங்கும், முடிய மூன்றரை ஆகிவிடும். திசு ஆறுவது பெரும்பாலும் தூக்கத்தில்தான். வாரத்துக்கு ஓர் இரவு ஆட்டம் போதும். மற்றதை முடிவு தெரிந்துகொள்ளாமல் காலையில் மறுஒளிபரப்பில் பாருங்கள்.

உடற்பயிற்சியை ஆட்டத்தோடு கட்டிப்போடுங்கள். முதல் பாதியில் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி, இடைவேளையில் காலை நேராகத் தூக்கும் பயிற்சி, இரண்டாம் பாதியில் ஐஸ். பயிற்சியைத் தவறவிடாமல் செய்ய இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. நாளாக ஆக ஒரு மாற்றம் தெரியும்: வாரத்தின் பெரிய சந்தோஷம் அணியின் வெற்றியாக மட்டும் இருக்காது. கால் முதன்முதலில் முழுதாக நீண்டு குதிகால் மெத்தையிலிருந்து மேலெழும்பிய அன்று நான் அடைந்த மகிழ்ச்சி, எந்தக் கடைசி நிமிட கோலுக்கும் குறைந்ததல்ல.

2024 அக்டோபரில் பாரிஸில் பலோன் தோர் விருதை வாங்க மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி ஊன்றுகோலோடு மேடை ஏறினார். அதற்கு முந்தைய மாதம்தான் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் முட்டி ஜவ்வு கிழிந்திருந்தது. அவருடைய வாழ்க்கையின் உச்சமும் பள்ளமும் ஒரே இலையுதிர் காலத்தில் வந்தன. அந்தக் காட்சியைப் படுக்கையில் இருக்கும் ஒவ்வொரு ரசிகரும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமோ பசியோ கெட்டு, ஆட்டம் பார்க்கக்கூடத் தோன்றவில்லை என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். முட்டியைக் காட்டப் போகும் அதே நாளில் சொல்லலாம்.

ரயிலா, விமானமா

எதில் போனாலும் பொதுவான அபாயம் ஒன்று: கெண்டைக்காலின் ஆழ்ந்த ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தபடி பயணம் செய்தால் இதற்கான வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு ஆகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. நல்ல உடம்புக்காரருக்கு அப்போதும் அது சிறிய அபாயம்தான். ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்கு. புதிதாகக் கால் அறுவை செய்தவருக்கு அப்படியல்ல. ஆகவே மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நில்லுங்கள், கணுக்காலை அசைத்துக்கொண்டே இருங்கள், தண்ணீர் குடியுங்கள். அழுத்தக் காலுறையோ ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோ தேவையா என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக எடுக்காதீர்கள்.

*சென்னையிலிருந்து கொச்சி* இரவு ரயிலுக்கு ஏற்ற தூரம். மாலையில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும் ஏறுங்கள். லோயர் பெர்த் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் படுக்க உங்களுடையது. பகலில் மற்ற பயணிகளும் உட்காருவார்கள். பகல் ரயிலைவிட இரவு ரயில் நல்லது என்பதற்கு இதுவே காரணம். ஏ.சி. இரண்டடுக்கில் நடு பெர்த் கிடையாது என்பதால் தலை இடிக்காமல் எழுந்து உட்காரலாம். பாதம் ஜன்னல் பக்கம் இருக்கும்படி படுங்கள். நடைபாதைப் பக்கம் நீட்டினால் இருட்டில் போகிறவர்கள் இடித்துக்கொண்டே போவார்கள். வெஸ்டர்ன் டாய்லெட் எந்தக் கோடியில் இருக்கிறது என்று ஏறியவுடனே பார்த்து வையுங்கள். முட்டி மடங்காதவரால் இந்தியன் டாய்லெட்டைப் பயன்படுத்த முடியாது. ரயில் புறப்படும்போதும் நிற்கும்போதும் குலுக்கல் அதிகம். அந்த நேரத்தில் நடக்காதீர்கள்.

*சென்னையிலிருந்து பெங்களூரு* ஆறு மணி நேரத்துக்கு உட்பட்ட சேர் கார் பயணம். காலை நீட்ட இடமில்லை என்பது சிக்கல். நடைபாதை ஓர இருக்கையை எடுத்து, மணிக்கொரு தரம் பெட்டியின் கோடி வரை நடந்து வாருங்கள்.

*சென்னையிலிருந்து கொல்கத்தா* ரயிலில் ஒரு நாளுக்கும் மேல். அறுவை செய்த முதல் வருடத்தில் விமானம்தான் சரி. இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். *கோவா*வுக்கும் விமானமே எளிது.

விமானத்தில் வீல்சேர் உதவியை டிக்கெட் போடும்போதே, குறைந்தது 48 மணி நேரம் முன்பாகக் கேட்டுவிடுங்கள். நடக்க முடியும் என்றாலும் கேளுங்கள். வாசலிலிருந்து கேட் வரை நடப்பதும் சோதனை வரிசையில் நிற்பதும் அன்றைய கால் பலத்தை மாலை ஆட்டத்துக்கு முன்பே தின்றுவிடும். இந்தியாவுக்குள் பறக்கும் விமானங்களில் பெரும்பாலும் பக்கத்துக்கு மூன்று இருக்கை. நடைபாதை ஓரத்தில் ‘சி’யும் ‘டி’யும் எதிரெதிராக இருக்கும். வலது காலில் அறுவை என்றால் ‘சி’, இடது காலில் என்றால் ‘டி’. அறுவைக் கால் நடைபாதைப் பக்கம் வந்து சற்றே நீளும். உணவு வண்டி வரும்போது மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். அவசர வழி இருக்கையில் இடம் அதிகம் இருந்தாலும் ஊன்றுகோலோடு வருபவரை அங்கே உட்கார விடமாட்டார்கள். பணம் கட்டி ஏமாறாதீர்கள்.

முட்டியில் அணியும் பிரேஸில் உலோகம் இருந்தால் சோதனையில் ஒலிக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கையிலேயே வைத்திருங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

மைதானத்தில்

இடம் வாங்கும்போது காட்சியைப் பார்க்காதீர்கள், படிகளைப் பாருங்கள். நுழைவாயிலிலிருந்து கேலரிக்குள் வந்ததும் எந்த வரிசை கண்ணுக்கு நேராக வருகிறதோ அதுவே உங்கள் வரிசை. அதிகம் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். படிகளில் விதி இது: ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது அறுவைக் காலும் ஊன்றுகோலும் முதலில். ஒற்றை ஊன்றுகோல் என்றால் அறுவைக் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும்.

கொச்சி கலூர் மைதானத்துக்கு அதன் பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது; நிலையத்தில் லிஃப்ட் உண்டு. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்துக்கு 2020 முதல் மெட்ரோ ஓடுகிறது. ஆனால் அந்த மைதானம் பெரியது. சுற்றி நடக்கும் தூரமும் பெரியது. எந்த வாயில் என்று டிக்கெட்டில் பார்த்து, அந்த வாயிலுக்கு அருகில் இறங்குங்கள். கோவாவின் ஃபதோர்டாவுக்கு மெட்ரோ கிடையாது. போகவும் வரவும் ஒரே டாக்சியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ரசிகர் கூட்டத்தின் நடுவே உட்கார ஆசை வரும். சென்னையின் சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ், கொச்சியின் மஞ்சப்படா, பெங்களூருவின் வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்: எந்தக் கூட்டமானாலும் தொண்ணூறு நிமிடமும் நின்று, குதித்து, தோளில் சாய்ந்து பாடுகிறவர்கள். அவர்களுடைய பாட்டு கேட்கும் தூரத்தில், ஆனால் அவர்களுக்கு நடுவே அல்லாமல், பக்கத்துப் பகுதியில் இடம் வாங்குங்கள். கூட்டத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். “அண்ணே, கால்ல ஆபரேஷன் பண்ணியிருக்கு, இந்த சீசன் பக்கத்துல உக்காந்துக்கறேன்” என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இடைவேளையில் டீ வாங்கிக்கொண்டு அவர்களே வந்து பார்ப்பார்கள்.

இனி கோல். அறுவைக் காலுக்கு மைதானத்தில் இருக்கும் ஆகப்பெரிய அபாயம் கோல் விழும் நொடிதான். 2015 டிசம்பர் 20, ஃபதோர்டா. ஐ.எஸ்.எல். இறுதியில் 87வது நிமிடத்தில் கோவா 2–1 என்று முந்தியது. 90வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் கைபட்டுப் பந்து சொந்த வலைக்குள் போனது. ஸ்டாப்பேஜ் நேரத்தில் ஸ்டீவன் மென்டோசா அடித்த கோலில் சென்னையின் எஃப்.சி. 3–2 என்று கோப்பையை வென்றது. ஐந்து நிமிடச் சொச்சத்தில் மூன்று கோல். அப்படி ஒரு முடிவின்போது எந்த ரசிகருக்கும் தன் முட்டி நினைவில் இருக்காது. எழுந்து குதித்து, ஒற்றைக் காலில் இறங்கி, சாய்ந்த படியில் திரும்பும் அசைவும், ஜவ்வைக் கிழிக்கும் அசைவும் ஒன்றே.

ஆகவே உட்கார்ந்தே கொண்டாட வீட்டிலேயே பழகுங்கள். கை இரண்டையும் மேலே தூக்குவது, கழுத்துத் துண்டைச் சுழற்றுவது, பாடுவது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது ஒவ்வொரு கோலுக்கும் இதைச் செய்தால் மூன்று மாதத்தில் உடம்பு பழகிவிடும். அறுவைக் கால் பக்கத்து இருக்கையில் உங்கள் துணை உட்காரட்டும். கோல் விழுந்ததும் அவருடைய முதல் வேலை உங்கள் முட்டிக்கு முன் கையை நீட்டி மறிப்பது. இரண்டாவதுதான் கொண்டாட்டம்.

வலி வரும் என்று நினைத்து ஆட்டத்துக்கு முன்பே கூடுதல் வலி மாத்திரை போடாதீர்கள். வலி இல்லாவிட்டால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியாது. டிரமடால் போன்ற மாத்திரை எடுக்கிறவர் மதுவைத் தொடவே கூடாது.

மைதானத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வெளியேறுவதற்கு, கூட்டம் கலைந்த பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்திருங்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான்–ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் நடந்த மோதலிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். கொல்கத்தா அந்த நாளை இன்றும் கால்பந்து ரசிகர் தினமாக நினைவுகூர்கிறது. அவர்கள் நல்ல காலோடு வந்தவர்கள். கூட்டம் தள்ளத் தொடங்கினால் ஓடித் தப்பும் வாய்ப்பு நமக்குக் குறைவு என்பதை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்து இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்.

துணைக்கு வருபவருக்கு

முதல் வெளியூர்ப் பயணத்தில் தனியாகப் போகக்கூடாது. துணையாக வருபவர் நல்ல ரசிகராக இருந்தால் மட்டும் போதாது. ஆட்டத்தின் நடுவிலும் எழுந்துவரத் தயாரானவராக இருக்க வேண்டும். புறப்படும் முன்பே அவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பை இரண்டையும் அவர் தூக்கட்டும். தோளில் பையோடு ஊன்றுகோல் பிடித்தால் உடம்பு ஒருபக்கம் சாயும். அவருக்கு நீங்கள் தரக்கூடிய மரியாதை, வலித்தால் மறைக்காமல் சொல்வது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

• கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலிப்பது.
• திடீர் மூச்சுத்திணறல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் ரத்தம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, 108ஐ அழையுங்கள்.
• காய்ச்சல், தையல் போட்ட இடம் சிவந்து நீர் வடிவது.
• முட்டியில் மறுபடி ‘டப்’ என்ற சத்தம், அதைத் தொடர்ந்த வீக்கம், கால் நழுவுவது போன்ற உணர்வு.

இவற்றில் எது வந்தாலும் ஆட்டத்தின் எந்த நிமிடமாக இருந்தாலும் கிளம்புங்கள்.

பையில் இருக்க வேண்டியவை

• டிஸ்சார்ஜ் சம்மரி நகல், மருந்துச் சீட்டு, மருத்துவரின் தொலைபேசி எண்
• வழக்கமான மருந்து, ஒரு நாள் கூடுதலாக
• பிரேஸ், ஊன்றுகோலை விட்டிருந்தாலும் மடக்கும் ஊன்றுகோல் ஒன்று
• ஊன்றுகோல் நுனிக்கு மாற்று ரப்பர்; தேய்ந்த ரப்பர் ஈரப் படியில் வழுக்கும்
• ஐஸ் போட இரண்டு கெட்டிப் பிளாஸ்டிக் பையும் துண்டும். ஐஸ் விடுதியில் கேட்டால் கிடைக்கும்
• பிடிப்புள்ள ஷூ, செருப்பு வேண்டாம்
• விடுதி முன்பதிவில் ‘தரைத்தளம் அல்லது லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட்’ என்று எழுதிக் கேட்டதற்கான பதில்

திரும்பி வந்த மறுநாள்

வீட்டுக்கு வந்ததும் காலை உயர்த்தி வைத்து ஐஸ் வையுங்கள், தூங்குங்கள். மறுநாள் காலையில் எழுந்ததும் முட்டிச் சில்லுக்கு மேலே அளவு நாடாவால் சுற்றளவைப் பாருங்கள். கிளம்பும் முன் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் பயணம் அன்றைய காலுக்குச் சற்று அதிகம் என்று பொருள். வீக்கம் ஒரு நாளில் வடிந்தால், அடுத்த முறை தூரத்தையோ படிகளையோ குறையுங்கள். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் பிசியோவிடம் காட்டிவிட்டு, அவர் சொல்லும் வரை ஆட்டங்களை வீட்டிலிருந்தே பாருங்கள். அளவு மாறவில்லை, கால் முழுதாக நீள்கிறது, மாடி ஏறும்போது சிரமமில்லை என்றால் ஆட்டப் பட்டியலை எடுத்து, அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு டிக்கெட் போடுங்கள்.